மாவுப் பனியும் பாட்டியின் பத்ரியும்

"மார்கழிப் பனிக்கே மப்ளர் கட்டிண்டு இருமற பய... நீ எங்கேடா நிஜப் பனிக்குப் போறது?"

நான் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னதும் பாட்டி கேட்ட முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. ஸ்ரீரங்கத்தில் பிறந்தவனுக்குப் பனி என்றால் விடியற்காலையில் காவிரிப் பாலத்தில் வண்டி ஓட்டும்போது முகத்தில் அறையும் ஈரக் காற்று. புல் மேல் இருப்பதும் பனி, தூரத்து மலைக்கோட்டையை மறைப்பதும் பனி, இமயமலையில் கொட்டிக் கிடப்பதும் பனி. எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே வார்த்தை. மூன்றாவது ரகத்தை நான் அதுவரை தொட்டது எங்கள் வீட்டு ஃப்ரீசரில் மட்டுமே. அதையும் கரண்டியால் சுரண்டி அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன் :-)

போன இடம் உத்தராகண்டில் இருக்கும் ஔலி. குல்மார்க் மாதிரி உலகப் புகழெல்லாம் கிடையாது. குல்மார்க்கில் கோண்டோலா ஏறக்குறைய 3,950 மீட்டர் வரை ஏற்றிவிடும், வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். ஔலி சின்ன இடம். ஜோஷிமட் என்ற ஊருக்கு மேலே ஒரு சரிவு, ஓக் மரங்கள், தேவதாருக்கள், சில விடுதிகள், இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் பயிற்சி நிலையம். எதிரே 7,816 மீட்டர் நந்தாதேவி, யாரையும் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருக்கும். ஆனாலும் லேசுப்பட்ட இடமில்லை. 2011-இல் முதல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளின் பனிச்சறுக்குப் போட்டிகள் இங்கேதான் நடந்தன.

"ஜோஷிமட்" என்ற பெயரைக் கேட்டதும் பாட்டி முகம் மாறிவிட்டது.

"அது திருப்பிரிதிடா!"

நூற்றெட்டு திவ்ய தேசங்களில் முதலாவது எங்கள் ஊர். திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி, ஜோஷிமட் நரசிம்மர் கோயில்தான் என்று பலரும் சொல்கிறார்கள் (மானசரோவர் பக்கம் என்பாரும் உண்டு. பாட்டியிடம் அதைச் சொல்லிவிடாதீர்கள்). அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் பத்ரிநாத். பாட்டி பத்ரி போகப் பல வருஷம் பணம் சேர்த்து, கோஷ்டியோடு டிக்கெட்டும் போட்டாள். 2013 ஜூன் கடைசி வாரம். அந்த மாதம் பதினாறு, பதினேழு தேதிகளில் கேதார்நாத் வெள்ளம். டிவியில் அந்தக் காட்சிகளைப் பார்த்தபடி பாட்டி டிக்கெட்டை மடித்துப் பெருமாள் அலமாரியில் வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. அடுத்த வருஷம் போகலாம் என்றாள். அடுத்த வருஷம் முழங்கால் போய்விட்டது.

சரி, கதைக்கு வருவோம்.

2024 ஜனவரி கடைசி. எனக்குக் கடைசி செமஸ்டர், ப்ராஜெக்ட் மட்டும்தான். திருச்சியிலிருந்து சென்னை, அங்கிருந்து டெல்லி, ஹரித்வார், பிறகு விடியற்காலை பஸ். ரிஷிகேஷ் தாண்டினால் ஜோஷிமட் சுமார் 250 கிலோமீட்டர்தான், ஆனால் பத்து மணி நேரம் ஆகிறது. வழியில் தேவப்ரயாகை, அதுவும் திவ்ய தேசம். பஸ் ஜன்னல் வழியாகவே கும்பிட்டேன். பாகீரதியும் அலக்நந்தாவும் சேர்ந்து கங்கை என்று பெயர் வாங்கும் இடம். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இரண்டு ஆறு ஒன்றாவது புதுக் காட்சி.

ஔலிக்குப் போய் இறங்கினால்... பனியைக் காணோம்!

நிஜமாகவே காணோம். சரிவு முழுக்கப் பழுப்புப் புல். அந்த ஜனவரி முழுக்க குல்மார்க் உட்பட இமயமலை முழுக்க இதே கதிதான். இங்கே குளிர்காலப் பனியைக் கொண்டு வருவது நம்முடைய பருவமழை இல்லை. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக நகர்ந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகள்தான். "மேற்கத்திய இடையூறு" என்று வானிலைக்காரர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இடையூறு வரவில்லையே என்று ஊரே வருந்துவதை அங்கேதான் பார்த்தேன்.

எங்களுக்கு ஏழு நாள் பயிற்சி. மொத்தம் ஒன்பது பேர். பயிற்சி கொடுத்த மாஸ்டர் ஜோஷிமட்காரர், நாற்பது வயசு இருக்கும். நான் இந்தி பிரசார சபாவில் மத்யமா வரை பாஸ் செய்தவன். அந்த இந்தியை அவரிடம் பிரயோகித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் மரியாதையாக, "ஆங்கிலத்திலேயே பேசுங்களேன்" என்றார்.

முதல் இரண்டு நாள் காய்ந்த புல்லில் பூட்ஸை மாட்டிக்கொண்டு நடந்தோம். ஸ்கீ பூட்ஸ் என்பது இரண்டு காலுக்கும் மாவுக்கட்டு போட்ட மாதிரி. முழங்காலை மடக்கு, முன்னால் சாய், ஸ்கீக்களின் முனையை ஒன்று சேர்த்துப் பின்பக்கத்தை விரி, இதுதான் பிரேக். புல்லில் எல்லாம் பிரமாதமாக வந்தது. மாஸ்டர் மட்டும் அடிக்கடி மேற்கே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷமும் (2023) பனி போதாமல் தேசியக் குளிர்கால விளையாட்டுகளை ஔலியில் நடத்த முடியாமல் போயிற்று. அவருக்கு வருஷ வருமானமே டிசம்பர் முதல் மார்ச் வரைதான்.

மூன்றாம் நாள் இரவு வந்தது. சத்தமே இல்லாமல் வந்தது. மழை மாதிரி ஓடு தட்டாது, இடி கிடையாது. நடுராத்திரி விழித்தபோது வெளியே ஒரு மாதிரி வெளிச்சமாக இருந்தது, அவ்வளவுதான். காலையில் கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. முழங்கால் அளவு பனி! மாஸ்டர் சின்னப் பையன் மாதிரி சிரித்துக்கொண்டே வந்தார். சரிவை அமுக்கிச் சமன்படுத்தும் இயந்திரம் இன்னும் வரவில்லை. "அது வருவதற்குள் வா" என்று எங்களில் நாலு பேரை மரங்களின் ஓரமாக யாரும் மிதிக்காத ஒரு சரிவுக்குக் கூட்டிப்போனார். சின்னச் சரிவுதான். பெரிய சரிவுகளில் புதுப் பனி விழுந்த கையோடு கால் வைத்தால் மொத்தமாகச் சரிந்து புதைத்துவிடும் என்று எச்சரித்தார்.

இந்தப் புதுப் பனிக்குத்தான் 'பவுடர்' என்று பெயர். பனிச்சறுக்குக்காரர்கள் இதற்காக உலகம் சுற்றுகிறார்கள். நான் இதற்கு மாவுப் பனி என்று பெயர் வைத்துவிட்டேன். பாட்டி இடியாப்பத்துக்கு வறுத்துச் சலித்து வைக்கும் அரிசி மாவு தெரியுமா? கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழியுமே, அதே மாதிரி. உருண்டை பிடித்தால் பிடிபடாது. காரணம், அதில் இருப்பது பெரும்பாலும் காற்று. பத்து செ.மீ. புதுப் பனியை உருக்கினால் ஒரு செ.மீ. தண்ணீர் என்பது பொதுக் கணக்கு. நல்ல மாவுப் பனியில் அதுகூடத் தேறாது.

நான் சிவில் மாணவன். மண் இயந்திரவியல் வகுப்பில் தூங்கியவன். அந்தப் பாடம் அன்றைக்கு அங்கே புரிந்தது. பூட்ஸோடு கால் வைத்தால் இடுப்பு வரை உள்ளே போகிறேன். ஸ்கீயை மாட்டிக்கொண்டு நின்றால் கணுக்கால் வரைதான். அதே அறுபது கிலோ நான்தான். பூட்ஸ் அடிப்பரப்பு முந்நூறு சதுர செ.மீ. என்றால் ஸ்கீ ஏறக்குறைய நாலு மடங்கு. எடையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். இளகிய மண்ணில் கட்டிடம் முழுக்க ஒரே பலகையாக அடித்தளம் போடுகிறோமே, ராஃப்ட், அதுதான் ஸ்கீ. வழுக்கிக்கொண்டு போகும் ராஃப்ட்!

தத்துவம் புரிந்துவிட்டது, சறுக்க வரவேண்டுமே? முதல் தடவை பத்தடி. பயத்தில் பின்னால் சாய்ந்தேன். முனை மேலே தூக்கி, பின்பக்கம் புதைந்து, நான் மல்லாந்து... எழலாம் என்று கையை ஊன்றினால் கை தோள் வரை உள்ளே போகிறது. ஊன்ற எதுவுமே இல்லை. இரண்டு கோல்களையும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே வைத்து அதன் மேல் ஊன்றி எழவேண்டும் என்று மாஸ்டர் சொல்லிக்கொடுத்தார். எழுந்தால் ஒரு ஸ்கீயைக் காணோம். பனிக்கடியில் எங்கேயோ போய்விட்டது. கால் மணி நேரம் தோண்டி எடுத்தோம்.

"காலைப் பார்க்காதே. போகவேண்டிய இடத்தைப் பார். இரண்டு காலிலும் சமமாக நில். ஒரே காலில் எடையைப் போட்டால் அந்தக் கால் மூழ்கும்."

எத்தனை தடவை விழுந்தேன் என்று எண்ணவில்லை. கடைசியில் ஒரு தடவை... வந்தது. நாலே நாலு வளைவு. சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு சத்தமும் இல்லை. இறுகிய பனியில் ஸ்கீ கரகரவென்று தேய்க்கும். இதில் எதுவும் இல்லை, என் மூச்சு மட்டும். மேலே எழும்பி, கீழே அமிழ்ந்து, மறுபடி எழும்பி, காவிரியில் மிதப்பது மாதிரி. நின்று திரும்பிப் பார்த்தேன். மாவில் நாலு இழை கோலம், கொஞ்சம் கோணலாக. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு பின்னால் வந்த நண்பர் அதன் மேலேயே விழுந்து அழித்துவிட்டார்.

ஐந்தாம் நாள் வெயில் அடித்தது. மத்தியானத்துக்குள் மாவு, புட்டு மாவு ஆகிவிட்டது. கனம், ஈரம், திருப்பினால் காலைப் பிடிக்கிறது. மாவுப் பனியின் ஆயுசு ஒன்றரை நாள்தான்.

பயிற்சி முடிந்த மறுநாள் மாஸ்டரோடு ஜோஷிமட்டுக்கு இறங்கினேன். ரோட்டு வழிதான், ஜீப்பில். நாலு கிலோமீட்டர் ரோப்வே ஒன்று இருக்கிறது, ஆனால் 2023 ஜனவரியில் அதை நிறுத்திவிட்டார்கள். காரணம் உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த மாதம் ஊரே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. 800-க்கும் மேற்பட்ட கட்டிடங்களில் விரிசல். பன்னிரண்டு நாளில் 5.4 செ.மீ. என்று இஸ்ரோவின் செயற்கைக்கோள் கணக்கு சொன்னது. மாஸ்டர் வீட்டுச் சுவரில் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தது. குடியிருக்கக் கூடாது என்று அர்த்தம். சமையலறைச் சுவரில் என் கை உள்ளே போகும் அளவு விரிசல். குடும்பம் வேறு இடத்தில் வாடகைக்கு இருக்கிறது. அவர் மட்டும் வாரம் ஒருமுறை வந்து வாசலைப் பெருக்கிவிட்டுப் போகிறார்.

ஜோஷிமட் நிற்பது கெட்டிப் பாறை மேல் இல்லை. பழைய நிலச்சரிவில் வந்து குவிந்த கல்லும் மண்ணும்தான் அடியில். 1976-லேயே மிஸ்ரா குழு இதைச் சொல்லிவிட்டது. கனமான கட்டிடம் கட்டாதீர்கள், சரிவில் பாறைகளைத் தோண்டாதீர்கள், மரம் நடுங்கள் என்று. நான் பிறப்பதற்கு கால் நூற்றாண்டுக்கு முன்னால்!

எனக்கு உறுத்தலாக இருந்தது. நாங்கள் விளையாடத்தானே வருகிறோம்? எங்களுக்காகத்தானே இத்தனை விடுதி? தயங்கித் தயங்கிக் கேட்டேன், "நாங்கள் வராமல் இருந்தால் நல்லதா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நீ வந்து போகிறாய். நீ எடை இல்லை. நீ தங்குவதற்கு நாங்கள் கட்டிய நாலு மாடிதான் எடை. ஆனால் நீ வரவில்லை என்றால் நான் என்ன சாப்பிடுவது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தோடு போனபோது கரையில் நின்று பார்த்த கூட்டத்தில் நானும் ஒருவன். அன்றைக்குத்தான் சிவில் படிக்கவேண்டும் என்று தோன்றியது. கட்டுவதைப் பற்றி நாலு வருஷம் படித்துவிட்டேன். எங்கே கட்டக்கூடாது என்பதற்கு அதில் எத்தனை வகுப்பு என்று யோசித்தால், விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நரசிம்மர் கோயிலுக்குப் போனேன். சின்ன மூர்த்தி, கறுப்பு. பத்ரி கோயில் நவம்பரில் மூடிய பிறகு குளிர்காலம் முழுக்க ஆதிசங்கரரின் பீடம் இங்கேதான் இருக்கும். மூர்த்தியின் ஒரு மணிக்கட்டு வருஷா வருஷம் மெலிந்துகொண்டே வருகிறது, அது ஒடியும் நாளில் பத்ரிக்குப் போகும் வழி மூடிவிடும் என்று அந்த ஊரில் ஒரு நம்பிக்கை. வாசலில் நின்று பாட்டிக்கு போன் போட்டேன்.

"சேவிச்சியா?"

"சேவிச்சேன் பாட்டி."

"பனி எப்படிடா இருக்கு?"

"நீ வறுத்துச் சலிச்ச மாவு மாதிரியே இருக்கு."

"அப்ப ஈரம் படாம பாத்துக்கணும். ஈரம் பட்டா கட்டி தட்டிடும்." கொஞ்சம் நிறுத்தி, "வரும்போது கொஞ்சம் எடுத்துண்டு வாயேன்."

ஒரு லிட்டர் பாட்டில் நிறைய அள்ளி, அமுக்கி அடைத்தேன். ரிஷிகேஷ் வருவதற்குள் அது பாட்டிலின் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பாட்டி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இவ்ளோதானாடா?"

"இவ்ளோதான் பாட்டி. மீதி எல்லாம் காத்து."

வெள்ளி வட்டிலில் ஊற்றிப் பெருமாள் அலமாரியில், அந்த 2013 டிக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு எனக்கு ஒரு உத்தரணி கொடுத்துவிட்டுத் தானும் ஒன்று குடித்தாள்.

"ஜில்லுன்னே இல்லையேடா" என்றாள்.