உலரும் பூச்சு

ஈரம் உலர்தல் எளியதொரு நிகழ்ச்சி என்றே பலரும் கருதுவர். வெயில் காய்கின்றது, நீர் ஆவியாகின்றது, எஞ்சிய பொருள் சுவரிற் படிகின்றது, இதில் ஆராய்தற்கு யாதுளது என்பர். வண்ணம் பூசுவார் குடியிற் பிறந்த எனக்கோ இஃது என்றும் எளியதாய்த் தோன்றியதில்லை. என் தந்தையார் உச்சிவெயிலிற் சுவரைத் தொடார். "விரைந்து உலர்ந்த பூச்சு நில்லாது" என்பது அவர் எமக்கு அடிக்கடி கூறும் மொழி. ஏன் என்று வினவினால், "செய்து பார்" என்பதே விடையாகும். கல்லூரியிற் பௌதிகம் பயிலப் புகுந்த பின்னர், விரைவு என்னும் அச்சொல்லின் ஆழத்தை வேறொரு வழியால் உணரலானேன்.

வண்ணக் கலவை என்பது நீரில் விரவிய நுண்டுகள்களின் கூட்டம். அவை ஓயாது நடுங்கித் திரிவன. 1827-இல் ராபர்ட் பிரவுன் என்னும் தாவரநூற் புலவர் இத்தகைய இயக்கத்தை நுண்ணோக்கியிற் கண்டு ஆராய்ந்தார். நீர் மூலக்கூறுகள் இடையறாது மோதுவதே இதற்குக் காரணம் என்று 1905-இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். துகள் சிறிதாயின் விரைந்து பரவும். பெரிதாயின் மந்தமாய்ப் பரவும்.

பூச்சு உலருங்கால் நீரின் மேற்பரப்பு கீழிறங்குகின்றது. அவ்விறக்கம் துகள்களின் பரவலினும் மெல்லியதாயின், பெரியனவும் சிறியனவும் கலந்தே நிற்கும். விரைவாயின், இறங்கும் பரப்பு துகள்களைத் தன் முன்னே வாரித் திரட்டும். அப்பொழுது சிறியன ஓடித் தப்பும், பெரியனவே மேலே அகப்படும் என்றன்றோ எதிர்பார்ப்போம்? இடைப்பட்ட விரைவில் அவ்வாறு நிகழ்தலும் உண்டு. உலர்தல் மிக விரைவாயினோ நிலை தலைகீழாகின்றது. 2016-இல் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தாரும் பிரான்சு நாட்டு லியோன் நகரத்து அறிஞரும் கணிப்பொறியாலும் சோதனையாலும் இதனைக் காட்டினர். சிறியன மேலே தனியடுக்காய் அமைந்தன. பெரியன கீழே ஒதுங்கின. மேற்பரப்பருகே சிறியன செறிந்து, கீழே செல்லச் செல்ல அச்செறிவு குறைகின்றது. அவ்வேறுபாடே பெரியவற்றைச் சிறியவற்றினும் விரைவாகக் கீழ்நோக்கித் தள்ளுகின்றது என்பது அவர் தந்த விளக்கம்.

சிறியோர் உயர்வர் என்னும் அறமாக இதனைக் கொள்ள மனம் விழையும். ஆயின் துகளுக்கு விழைவும் இல்லை, வெற்றியும் இல்லை. அதன் இடத்தை வகுப்பன அளவும் விரைவுமே.

இவ்வழியால், ஒரே பூச்சில் இரண்டடுக்கு அமைத்து, கீறலைத் தாங்கும் துகள்களை மேலே நிறுத்தலாம் என்பர். என் தந்தையார் பூச்சின்மேற் பூச்சிட்டு, ஒவ்வொன்றும் உலரக் காத்திருந்தே எம்மைப் படிப்பித்தார். பூச்சொன்று குறையின் உழைப்புங் குறையும், நாட்கூலியுங் குறையும். இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணாது புதுமையைப் புகழ என் மனம் ஒருப்படவில்லை.

அவர் கையால் அறிந்தது பூச்சு நிலைக்கும் வகை; யான் நூலால் அறிந்தது துகள் அமையும் வகை. இரண்டிற்கும் அளவுகோல் விரைவே. ஆதலின் மாணவ அன்பர்காள்! ஆய்வுக்கூடத்துள் ஐயந் தோன்றுங்கால், நூலோரை வினவுவதோடு அத்தொழில் செய்வாரையும் ஒருமுறை வினவுவோமாக.