ஏழு மணிக்குப் பிறகு ஆங்கிலம் இல்லை

2009ஆம் ஆண்டில் நான் கல்வியியலில் முதுகலைப் பட்டப்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறையில் மூன்று மாதங்கள் ஏதேனும் ஒரு கல்வி அமைப்பில் வேலையிடப் பயிற்சி பெற வேண்டும் என்பது அந்தப் படிப்பின் நிபந்தனை. உடன் படித்தவர்களில் பலர் லண்டனைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் தேர்ந்தெடுத்தது வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையில் இருக்கும் அபெரிஸ்ட்வித் என்ற சிறு நகரத்தை. வெல்ஷ் மொழியில் பள்ளிப் பாடநூல்கள் தயாரிக்கும் ஒரு சிறிய அலுவலகம் அங்கே பயிற்சியாளர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தது. சிங்கப்பூரில் தமிழ் படித்து வளர்ந்த எனக்கு, ஆங்கிலத்தின் அருகிலேயே வாழும் இன்னொரு மொழி எப்படித் தன் நாள்களைக் கழிக்கிறது என்று பார்க்க ஆசை.

வேல்ஸ் என்பது ஆங்கிலேயர் வைத்த பெயர். அந்த மக்கள் தங்கள் நாட்டைக் கம்ரி என்றும், தங்கள் மொழியைக் கம்ரைக் என்றும் சொல்கிறார்கள். சாலைப் பலகைகள் எல்லாம் இரு மொழிகளில் இருக்கும். வளைவுகளில் தரையிலேயே வெள்ளை வண்ணத்தில் 'அரவ்' என்று எழுதியிருப்பார்கள். 'மெதுவாக' என்று பொருள். நான் கற்ற முதல் வெல்ஷ் சொல் அதுதான். நான்கு மொழிகளில் அறிவிப்புப் பலகைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது பெரிய செய்தியாகத் தோன்றாது. ஆனால், 1960களிலும் 1970களிலும் அங்குள்ள இளையர்கள் ஆங்கிலம் மட்டுமே இருந்த பலகைகளின் மேல் வண்ணம் பூசிப் போராடி, சிலர் சிறைக்கும் சென்ற பிறகே அந்தப் பலகைகள் மாறின.

அலுவலகத்தில் எனக்குத் தரப்பட்ட வேலை எளிமையானது. தொடக்கப்பள்ளி வாசிப்பு நூல்களில் ஒரு பக்கத்திற்கு எத்தனை புதிய சொற்கள் வருகின்றன, அவை அடுத்தடுத்த பக்கங்களில் எத்தனை முறை திரும்ப வருகின்றன என்று எண்ணி அட்டவணை போட வேண்டும். மொழி தெரியாமலே செய்யக்கூடிய வேலை. ஆனால், சொற்களை எண்ண எண்ண அவை பழகிவிட்டன. கணினிக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'கவ்ரிவ்யாதிர்'. 'எண்ணுதல்' என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. கணித்தல் என்பதிலிருந்து நாம் கணினி என்ற சொல்லைப் பெற்றதைச் சொன்னபோது என் மேலாளர் எழுந்து வந்து, அதை என் குறிப்பேட்டில் தமிழில் எழுதச் சொல்லிப் பார்த்தார். நுண்ணலை அடுப்புக்கு அகராதியில் முறையான சொல் ஒன்று உண்டு. அதற்கும் நுண் அலை என்றே பொருள். ஆனால், வேடிக்கையாகப் பலரும் 'பொப்தி பிங்' என்பார்கள். 'பொப்தி' என்றால் அடுப்பு. 'பிங்' என்பது சூடானதும் அது எழுப்பும் ஓசை! எனக்கென்னவோ அகராதிச் சொல்லைவிட இதுதான் பிடித்திருந்தது. தன் மொழியில் விளையாடுகிறவர்களால்தான் இப்படி ஒரு சொல்லை உண்டாக்க முடியும்.

இலக்கணத்தில் எனக்கு மிகவும் வியப்பளித்தது சொற்களின் முதலெழுத்து மாறுவது. வடக்கே பங்கோர் என்று ஒரு நகரம் இருக்கிறது. 'பங்கோருக்கு' என்று சொல்லும்போது அது 'வங்கோர்' ஆகிவிடும். 'பங்கோரில்' என்றால் 'மங்கோர்'. அகராதியில் 'வ' வரிசையில் தேடினால் கிடைக்காது. மாறுவதற்கு முன் அந்தச் சொல் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் தேடவே முடியும். நம் புணர்ச்சி விதிகள் நினைவுக்கு வருகின்றனவா? பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். நமக்குப் பெரும்பாலும் முதல் சொல்லின் கடைசியில் நடப்பது அவர்களுக்கு அடுத்த சொல்லின் தொடக்கத்தில் நடக்கிறது. அங்குள்ள பிள்ளைகளும் இந்தப் பாடத்தைக் கண்டால் முகம் சுளிக்கிறார்கள் என்று ஆசிரியர்கள் சொல்லக் கேட்டேன்.

ஜூன் மாதக் கடைசியில், எங்கள் வாசிப்பு நூல்களைச் சோதித்துப் பார்க்க ஒரு வெல்ஷ் வழித் தொடக்கப்பள்ளிக்குச் சென்றோம். வகுப்பில் ஆறு வயதுப் பிள்ளைகள் கணக்கு, அறிவியல், ஓவியம் எல்லாவற்றையும் வெல்ஷிலேயே படித்தார்கள். கை தூக்கினார்கள், சண்டை போட்டார்கள், 'ஆசிரியரே, இவன் என் பென்சிலை எடுத்துவிட்டான்' என்று வெல்ஷிலேயே புகார் சொன்னார்கள். எனக்கு மெய்சிலிர்த்தது. பிறகு மணி அடித்தது. கதவைத் தாண்டியதும் பெரிய வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேர் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்கள். அந்த மாற்றம் ஒரு நொடியில் நடந்தது. விளக்கின் விசையைத் தட்டியதுபோல் இருந்தது.

அந்த ஓசையை நான் நன்கு அறிவேன். உயர்நிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு முடிந்து படிக்கட்டில் இறங்கும்போது எங்கள் பேச்சும் அப்படித்தான் மாறும். உங்கள் பள்ளியில் எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

திரும்பும் வழியில் மேலாளரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் வருத்தப்படவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "1939இல் இதே ஊரில் முதல் வெல்ஷ் வழித் தொடக்கப்பள்ளியை ஏழு பிள்ளைகளுடன் தொடங்கினார்கள். இன்று நீ பார்த்த பள்ளியில் எத்தனை பேர்? வகுப்பறையைப் பிடிக்க எங்களுக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. விளையாட்டுத் திடல் இன்னும் பாக்கி இருக்கிறது," என்றார்.

நான் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். அங்கே வயதில் மூத்தவரையும் பெயர் சொல்லி அழைப்பதுதான் வழக்கம். எனக்கு நா எழவில்லை. "எங்கள் ஊரில் இப்படித்தான்" என்று சொல்லி 'ஆன்ட்டி' என்றே அழைத்தேன். அவருக்கும் அது பிடித்துப்போனது.

ஆன்ட்டி வெல்ஷ் இனத்தவர். ஆனால், அவருக்கு வெல்ஷ் தெரியாது. அவருடைய பெற்றோர் தங்களுக்குள் வெல்ஷில் பேசிக்கொள்வார்களாம். பிள்ளைகளின் பக்கம் திரும்பியதும் ஆங்கிலம். "நாங்கள் முன்னேற வேண்டும் என்று நினைத்தார்கள். கிறிஸ்துமஸ் பரிசு என்ன என்பதை எங்களிடம் மறைக்கவும் அந்த மொழி உதவியது," என்று சிரித்தார். அந்த எண்ணம் பெற்றோருக்குத் தாமாக வந்ததன்று. 19ஆம் நூற்றாண்டில் வேல்ஸின் பல பள்ளிகளில், வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்து யார் வெல்ஷ் பேசினாலும் அது அவர் கழுத்துக்கு மாறும். மாலையில் அது யாரிடம் இருக்கிறதோ அவருக்கு அடி. அப்படி வளர்ந்த தலைமுறை தன் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுத்திருக்கும்? 1911இல் அங்கு நூற்றில் 43 பேருக்கு மேல் வெல்ஷ் பேசினார்கள். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 17.8 விழுக்காடு, ஏறக்குறைய 538,000 பேர்.

ஆன்ட்டியின் பேரன் அந்த ஆண்டு வெல்ஷ் வழிப் பாலர் பள்ளியில் சேர்ந்திருந்தான். ஒருநாள் அவன் அவரிடம் எதையோ கேட்க, அவருக்குப் புரியவில்லை. பேரன் சற்று நேரம் அவரைப் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் மறுபடி கேட்டானாம். "நான்கு வயதுப் பையன் எனக்காக இரக்கப்பட்டான்," என்றார் ஆன்ட்டி. மறுவாரமே முதியோருக்கான வெல்ஷ் வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

சமையலறை முழுவதும் மஞ்சள் தாள்கள். உப்பு டப்பாவில் 'ஹாலென்', ரொட்டிக் கூடையில் 'பரா'. இரவு ஏழு மணிக்கு நாங்கள் உணவுமேசையில் அமர்ந்ததும், அரை மணி நேரத்திற்கு ஆங்கிலம் பேசக்கூடாது என்று விதி வைத்தார். முதல் வாரம் எங்கள் வீட்டில் மயான அமைதி! ஆன்ட்டிக்குத் தெரிந்த சொற்கள் குறைவு, எனக்கு அதைவிடக் குறைவு. "உப்பு", "நன்றி", "மழை", "மறுபடியும் மழை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மேற்கு வேல்ஸில் மழைக்குப் பஞ்சமில்லை என்பதால் அந்தச் சொல் மட்டும் நன்றாகப் பதிந்தது. மூன்றாம் வாரத்தில் ஆன்ட்டி, "என்னிடம் இவ்வளவு வாங்குகிறாயே, பதிலுக்கு என்ன தருகிறாய்?" என்று கேட்டார். அதன்பின் மஞ்சள் தாள்களில் மூன்றாவதாகத் தமிழும் ஏறியது.

வெல்ஷில் இரண்டு 'எல்' எழுத்துகளைச் சேர்த்து எழுதும் ஓர் ஒலி உண்டு. 'ல' சொல்வதுபோல் நாக்கை மேலே வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல், நாக்கின் ஓரத்தில் காற்றை மட்டும் ஊத வேண்டும். செய்து பாருங்கள். எனக்கு அது வரப் பத்து நாள் ஆயிற்று. ஆன்ட்டிக்கு நான் கொடுத்த பதிலடி 'வாழைப்பழம்'. கடைசிவரை அவருக்கு அது 'வாலைப்பலம்'தான். நம்மவர்களில் சிலருக்கே அப்படித்தான் வருகிறது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் என் மேலாளர் எங்கள் இருவரையும் தம் காரில் பாலா என்னும் ஊருக்கு அழைத்துச் சென்றார். அந்த ஆண்டு தேசிய ஐஸ்தெத்வோட் விழா அங்கே நடந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டில், ஓர் ஆண்டு வடக்கில், மறு ஆண்டு தெற்கில் என்று இடம் மாறி நடக்கும் கலைவிழா இது. பாட்டு, நடனம், நாடகம், ஒப்புவித்தல் எல்லாமே வெல்ஷ் மொழியில்தான்.

பாலாவை அடைந்ததும் மேலாளர் விழாவுக்குப் போகாமல் வண்டியை இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டி, ஒரு பெரிய ஏரிக்கரையில் நிறுத்தினார். அழகான ஏரி. நான் புகைப்படம் எடுக்கக் கேமராவை எடுத்தேன். "இதன் அடியில் ஓர் ஊர் இருக்கிறது," என்றார் அவர். கப்பெல் கெலின் என்பது அதன் பெயர். முழுக்க வெல்ஷ் பேசிய சிற்றூர். பள்ளி, தேவாலயம், அஞ்சலகம், பண்ணை வீடுகள் எல்லாம் இருந்தன. இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்குத் தண்ணீர் வேண்டும் என்று 1957இல் நாடாளுமன்றத்தில் சட்டம் கொண்டுவந்தார்கள். வேல்ஸைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர்கூட அதை ஆதரித்து வாக்களிக்கவில்லை. ஆனாலும் சட்டம் நிறைவேறியது. 1965இல் அணை திறக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2005இல், லிவர்பூல் நகர மன்றம் மன்னிப்புக் கேட்டது. ஆன்ட்டி காரிலிருந்து இறங்கவில்லை. சிறுவயதில் வானொலியில் இதைப் பற்றிக் கேட்டபோது தமக்கு எதுவும் புரியவில்லை என்று மட்டும் சொன்னார்.

விழாத் திடலில் பெரிய இளஞ்சிவப்புக் கூடாரம் ஒன்று இருந்தது. உள்ளே மொழிபெயர்ப்பு கேட்கும் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த விழாவின் உச்சம் மரபுக்கவிதைப் போட்டி. வெல்ஷ் மரபுக்கவிதைக்குக் 'கங்ஹானெத்' என்ற ஒலி ஒழுங்கு உண்டு. அதன் ஒரு வகையில், அடியின் முதல் பாதியில் வரும் மெய்யொலிகள் அதே வரிசையில் இரண்டாம் பாதியிலும் வர வேண்டும். எதுகை, மோனை, தளை என்று வெண்பாவுக்கு நாம் படும் பாட்டை நினைத்துக்கொண்டேன். வெற்றி பெறுபவருக்குப் பரிசு ஒரு நாற்காலி! ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் செதுக்கப்படுவது. கவிஞர்கள் புனைபெயரில்தான் கவிதையை அனுப்புவார்கள். மேடையிலிருந்து அந்தப் புனைபெயரை அழைத்ததும், ஆயிரக்கணக்கான பார்வையாளர்களுக்கு நடுவிலிருந்து ஒருவர் எழுந்து நிற்பார். அதுவரை அவர் யார் என்று அவையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. தகுதியான கவிதை வரவில்லை என்றால் நடுவர்கள் யாருக்கும் நாற்காலியைத் தர மாட்டார்கள்.

1917இல் அப்படி அழைத்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. ஹெத் வின் என்று அறியப்பட்ட அந்தக் கவிஞர் இதே வட்டாரத்தைச் சேர்ந்த ஓர் உழவர் வீட்டுப் பிள்ளை. முதல் உலகப் போரில் ஜூலை 31ஆம் நாள் இறந்துவிட்டார். விழா நடந்ததோ செப்டம்பரில். நாற்காலியின் மேல் கறுப்புத் துணியைப் போர்த்தினார்கள். மேலாளர் இதைச் சொல்லும்போது பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் ஒருவர் திரும்பி, தாமும் இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொன்னார். கவிதையைப் பற்றி முன்பின் தெரியாதவரிடம் பேச அங்கே யாரும் தயங்குவதில்லை போலும்.

நான் சிங்கப்பூருக்குத் திரும்புவதற்கு மூன்று நாள் முன்பு, ஆன்ட்டி என்னைக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு காப்பிக்கடைக்கு அழைத்துச் சென்றார். அதுவரை வகுப்பறையிலும் எங்கள் சமையலறையிலும் தவிர வேறெங்கும் அவர் வெல்ஷ் பேசியதில்லை. முந்தின இரவே வாக்கியத்தைத் தாளில் எழுதிப் பயிற்சி செய்திருந்தார். கடையில் இருந்த இளையர் தம் சட்டையில் ஆரஞ்சு நிற வில்லை அணிந்திருந்தார். 'என்னிடம் வெல்ஷில் பேசலாம்' என்பதற்கான அடையாளம் அது.

ஆன்ட்டி இரண்டு காப்பியும் ஒரு துண்டு உலர்பழ ரொட்டியும் கேட்டார். வாக்கியத்தின் நடுவில் ஒருமுறை திக்கினார். இளையர் புன்னகையுடன் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். உதவி செய்யும் எண்ணத்தோடுதான் சொன்னார். எனக்கு ஆன்ட்டியின் முகத்தைப் பார்க்கத் தயக்கமாக இருந்தது.

ஆன்ட்டி கைப்பையை மேசைமேல் வைத்தார். அதே வாக்கியத்தை முதலிலிருந்து, வெல்ஷிலேயே, மறுபடியும் சொன்னார். இம்முறை திக்கவில்லை. இளையர் ஒரு கணம் நின்றார். பிறகு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி, விலையை வெல்ஷில் சொன்னார். எனக்கு அந்த எண் பிடிபடவில்லை. ஆன்ட்டி காசுகளை எண்ணி மேசையில் வைத்தார். சில்லறை சரியாக இருந்தது.