எடை நோட்டு

3 மார்ச் 2024, ஞாயிறு

தெருக்கடைசியில் பட்டுப்போய் நின்ற மொட்டைத் தென்னையை இன்று வெட்டிவிட்டார்கள். மரம் சாய்ந்த பிறகுதான் பொந்துக்குள் கிளிக்குஞ்சுகள் இருந்தது தெரிந்தது. மூன்றில் இரண்டு விழுந்த வேகத்திலேயே போய்விட்டன. மூன்றாவதை மரம் வெட்ட வந்தவர் துண்டில் பொதிந்து எங்கள் வாசலுக்கு எடுத்து வந்தார். "டீச்சர் வீட்டுல குடுத்தா எதாச்சும் பண்ணுவாங்கன்னு சொன்னாங்க" என்றார். முகத்தில் அத்தனை வருத்தம். அவரிடம் என்ன சொல்ல? வாங்கிக்கொண்டேன்.

பாதி இறகு இன்னும் குச்சி குச்சியாக உறைக்குள்ளேயே இருக்கிறது. உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை. நாலு வாரக் குஞ்சாக இருக்கலாம். பஸ் ஸ்டாண்டுப் பூக்கார அக்கா மல்லிகையை ஒதுக்கிவிட்டுத் தன் எலக்ட்ரானிக் தராசில் இதை வைத்துப் பார்த்தார். 92 கிராம். நல்ல எடையா, மோசமா, எதுவும் தெரியாது. எழுதி மட்டும் வைக்கிறேன்.

4 மார்ச்

மதுரையில் பறவைக் கடையில் குஞ்சுத் தீனி மாவு கிடைத்தது. மாவின் சூடு 39, 40 டிகிரி இருக்க வேண்டுமாம். அதற்கு மேல் போனால் இரைப்பை வெந்துவிடும், ஆறிப்போனால் உள்ளே தேங்கிப் புளித்துவிடும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரே போதும்: 102க்கும் 104க்கும் நடுவில்.

5 மார்ச்

இன்று வகுப்பில் மனமே இல்லை. மத்தியான வேளைத் தீனியை அத்தைதான் கொடுத்தார். சாயங்காலம் வந்து பார்த்தால் பால்சாதம் பிசைந்து வைத்திருக்கிறார். பறவைக்குப் பால் செரிக்காது, பாலில் உள்ள சர்க்கரையை உடைக்கும் சத்து அதன் குடலில் இல்லை என்றேன். "மாமா வளத்த கிளி பால்சோறு தின்னே பத்து வருசம் இருந்துச்சுத்தா" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. மாமா பேச்சு வந்தால் இந்த வீட்டில் யாரும் மேலே பேச மாட்டோம்.

திண்ணை உத்தரத்தில் அந்தக் கூண்டின் கொக்கி இன்னும் இருக்கிறது. அந்தக் காலத்தில் கிளி இல்லாத திண்ணை இந்தப் பக்கம் குறைவு. இப்போது அப்படி வைத்துக்கொள்ள முடியாது. பச்சைக்கிளி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் பறவை. நம் நாட்டுப் பறவைகளைப் பிடித்து விற்பதற்கு 1991லேயே தடை. 2022 திருத்தத்தில் இதை இரண்டாம் அட்டவணைக்கு ஏற்றிவிட்டார்கள். போன வருஷம் பிப்ரவரியில் நடிகர் ரோபோ சங்கருக்கு இரண்டு கிளிகளுக்காக இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் போட்டது ஊரெல்லாம் பேச்சு. அடுத்து ஜூலையில் மதுரை வனத்துறையும் வீட்டுக் கிளிகளை ஒப்படைக்கச் சொன்னது. ஆக, இது என் கிளி இல்லை. பிழைக்கட்டும். பிழைத்ததும் கொடுத்துவிட வேண்டும்.

9 மார்ச்

ஸ்பூனின் இரண்டு ஓரத்தையும் குறட்டால் உள்பக்கமாக வளைத்து வாய்க்கால் மாதிரி ஆக்கியிருக்கிறேன். சிரிஞ்சைவிட இதுதான் நிதானம். ஸ்பூன் அலகின் ஓரத்தைத் தொட்டதும் தலை மேலும் கீழுமாகக் குதிக்கத் தொடங்கும், தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வரும். அந்தக் குதிப்பு இருக்கும்போது மட்டும்தான் ஊற்றலாம். நின்ற பிறகு ஒரு சொட்டு ஊற்றினாலும் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒரு வேளைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. மாவு இறங்க இறங்கக் கழுத்தடியில் இரைப்பை புடைத்து, தோல் மெலிந்து, உள்ளே இருக்கும் மாவின் நிறமே தெரிகிறது. ராத்திரி போட்டது விடிவதற்குள் முழுக்க இறங்கியிருக்க வேண்டும். எழுந்ததும் முதல் வேலை அதைத் தொட்டுப் பார்ப்பதுதான்.

சின்னவள் பிளஸ் டூ பரீட்சை நடுவில் இருக்கிறாள். படிக்கிற மேஜைக்குச் சோற்றைப் பிசைந்து எடுத்துப் போனால், "நானே வந்து சாப்புட்டுக்குறேம்மா, வச்சுட்டுப் போங்க" என்கிறாள். வைத்தேன். ஆறிப்போன பிறகுதான் வந்தாள்.

17 மார்ச்

118 கிராம்! சிறகு விரித்து அடித்ததில் மேஜையில் இருந்த வினாத்தாள்கள் பறந்துவிட்டன.

24 மார்ச்

113. சின்னவளுக்குப் பரீட்சை முடிந்து இரண்டு நாளாகிறது. கிளிக்கு இனி வேளையைக் குறைக்கலாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். காலை ஒன்று, இரவு ஒன்று. தட்டில் ஊறவைத்த கம்பு, தினை, கொய்யாத் துண்டு, கோவைப்பழம்.

26 மார்ச்

109. தட்டில் வைத்தது வைத்தபடி கிடக்கிறது. கோவைப்பழத்தை மட்டும் கடித்துக் கடித்துக் கீழே போடுகிறது. தரையெல்லாம் சிவப்பு.

27 மார்ச்

106.

நெஞ்செலும்பு விரலில் படுகிறது. போன வாரம் இரண்டு பக்கமும் சதை உருண்டு இருந்த இடம், இன்று நடுவில் ஒரு விளிம்பு மட்டும் தூக்கி நிற்கிறது. நான் உள்ளே வந்தாலே கத்துகிறது. முன்பு கேட்ட கரகரப்பு இல்லை, விட்டு விட்டு நீளமாக இழுக்கும் கத்தல். ஸ்பூனைக் காட்டினால் பாய்ந்து வருகிறது. தானியத்தைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

அத்தைக்கு இதில் சந்தேகமே இல்லை. "பசிச்சாத் தன்னால திங்கும். நீ ஊட்ட ஊட்ட அது எதுக்குப் பழகப் போகுது? ஒரு நாள் பட்டினி போடு, தட்டைத் தேடி வரும்." என் வீட்டுக்காரரும் போனில் அதையே சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நூற்றுச் சொச்சம் கிராம் உடம்பில் ஒரு நாள் பட்டினி என்பது எவ்வளவு? மனுஷக் கணக்குக்கு மாற்றிப் பார்க்கப் பயமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அட்டைப்பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். சின்னவள் பாயிலிருந்து, "உயிரோடதாம்மா இருக்கு, நான் இப்பத்தான் பாத்தேன்" என்றாள். அவளும் தூங்கவில்லை.

28 மார்ச்

104. மத்தியானம் பெர்மிஷன் போட்டுவிட்டு மதுரைக்குக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். நாலு வழிச் சாலையில் பஸ் போட்ட வெக்கையில் பெட்டியை மடியில் வைத்து முந்தானையால் நிழல் பிடித்துக்கொண்டே போனேன்.

டாக்டர் முதலில் எச்சத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பூச்சி இல்லை, காளான் தொற்று இல்லை. அப்புறம் என் நோட்டை வாங்கி எடைகளைக் கீழிருந்து மேலாகப் படித்தார். பறக்கத் தொடங்கும் வயதில் கிளிக்குஞ்சு எடை குறைவது வழக்கம்தானாம். பறக்க ஒரு கனம் வேண்டும், கூட்டில் உட்கார்ந்து சேர்த்த கொழுப்பு அதற்கு மேல் இருக்கும், அது கரைய வேண்டும். உச்ச எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை போகலாம். இதற்கு 12 சதவீதம் போயிருக்கிறது. கணக்கில் பயப்பட ஒன்றும் இல்லை.

"ஆனா இது கத்துதுன்னு சொல்றீங்களே டீச்சர், அதுதான் எனக்குப் பிடிக்கலை" என்றார். "காட்டுல தாயும் தகப்பனும் குஞ்சு கூட்டை விட்டு வெளியே வந்த பிறகும் வாரக்கணக்கா ஊட்டும். குஞ்சு கூடவே பறந்து போய், அவங்க என்ன தின்னுறாங்கன்னு பாக்கும். வயிறு நெறைஞ்சிருக்கிறப்பத்தான் அதுக்கு விளையாட்டு வரும். விளையாட்டுலதான் விதையைக் கடிக்கும். பசியில கெடந்தா அது உங்க ஸ்பூனைத் தவிர வேற எதையும் பாக்காது."

வேளையை மறுபடி மூன்றாக்கச் சொன்னார். ஊட்டிய பிறகே தட்டை வைக்க வேண்டும், முன்னால் வைக்கக் கூடாது. எந்த வேளை வேண்டாம் என்று குஞ்சு தலையைத் திருப்புகிறதோ அந்த வேளையை விட்டுவிட வேண்டும். கடைசியாக விட வேண்டியது இரவு வேளை. தேதி குறிக்கவே கூடாது. கூடவே உட்கார்ந்து நாமும் எதையாவது கொறிக்க வேண்டுமாம், கடலையோ பொரியோ.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். தானாகத் தின்னத் தொடங்கியதும் வனத்துறையிடம் கொடுத்துவிட வேண்டும். இந்த வயதில் மற்ற கிளிகளோடு சேர்ந்தால் தன்னைக் கிளி என்று தெரிந்துகொள்ளும். நாள் போகப் போக அது கடினம்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவர் முதலில் சொன்னதையே மனதில் ஓட்டிக்கொண்டிருந்தேன். பட்டினி போட்டுத்தான் பால் மறக்கடிக்க வேண்டும் என்று எங்கிருந்து கற்றோம்? என் அம்மா வேப்பெண்ணெய் தடவினார். நானும் அதையேதான் செய்தேன்.

31 மார்ச்

104. குறையவில்லை.

2 ஏப்ரல்

106. அத்தை எதுவும் சொல்லாமல் பொரியை மடியில் கட்டிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் முழுக்க அவர் கொறிக்க, கிளி வேடிக்கை பார்த்ததாம். மல்லிகை கட்டுவதைக்கூட அங்கேயே வைத்துக்கொண்டார்.

7 ஏப்ரல், ஞாயிறு

தேர்தல் பயிற்சி வகுப்பு. வாக்குப்பதிவு இயந்திரத்தை இணைப்பது, முத்திரை வைப்பது, படிவங்கள். 18ஆம் தேதி மேலூர்ப் பக்கம் போக வேண்டியிருக்கும். திரும்ப 19 ராத்திரி ஆகிவிடும். எத்தனையோ தேர்தலுக்குப் போயிருக்கிறேன், ஒரு தடவையும் வீட்டை நினைத்து இவ்வளவு கலங்கியதில்லை.

சாயங்காலம் பெரியாறு கால்வாய்க்கரை வழியாக நடந்து வந்தேன். தோப்புகளுக்கு மேலே கிளிக் கூட்டங்கள் அடையப் போய்க்கொண்டிருந்தன. அறுப்புக் காலத்தில் தகரம் தட்டி விரட்டுகிற அதே கிளிகள். நெல்காரர்களுக்கு இவற்றின் மேல் இருக்கிற கோபம் எனக்குப் புரியும். எங்கள் வயலிலும் கதிரை மொட்டையடித்துவிட்டுப் போயிருக்கின்றன. இருந்தாலும் இன்று நின்று பார்த்தேன். எல்லாம் கத்திக்கொண்டேதான் பறக்கின்றன. ஒன்றாவது வாயை மூடுவதில்லை.

12 ஏப்ரல்

109. தினையின் உமியை உடைத்தது! நாக்கால் விதையை அலகின் மேல்பக்கத்துப் பள்ளத்தில் நிறுத்தி, கீழலகால் அழுத்தி உருட்ட, உமி தனியாக வந்து ஓரத்தில் வழிகிறது. மூக்கு இடிக்கிற தூரத்தில் வைத்துப் பார்த்தேன். பச்சை மிளகாயையும் விதையோடு தின்கிறது. அந்தக் காரம் பறவைக்கு உறைக்காது. மத்தியான வேளையை அதுவாகவே விட்டுவிட்டது.

ராத்திரி சின்னவள் அக்ரி படிக்கிறேன் என்றாள். ஒத்தக்கடையிலேயே விவசாயக் கல்லூரி இருக்கிறதே, 1965லிருந்து நடக்கிறது, வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாமே என்றேன். அவளுக்குக் கோயம்புத்தூர்தான் வேண்டுமாம். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கோபம் வந்தது. கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினேன்.

17 ஏப்ரல்

110. இரவு வேளைக்கு மாவு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். சின்னவள் படித்துவிட்டு, "எனக்குத் தெரியும்மா" என்றாள்.

20 ஏப்ரல்

நேற்று பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு வீடு வரும்போது நடுராத்திரி தாண்டிவிட்டது. கை கால் கழுவாமல் முதலில் நோட்டைத்தான் எடுத்தேன். அவள் கையெழுத்து:

"18 காலை 110. இரவு ஸ்பூனைத் தள்ளிவிட்டது. ரெண்டு தடவை காட்டினேன், வேண்டாம்னு சொல்லிருச்சு. இரைப்பை விதையால நெறைஞ்சுதான் இருந்துச்சு. ஊட்டலை. 19 காலை 111. இரவும் வேண்டாம்னு சொல்லிருச்சு. ஊட்டலை."

நான் இருந்திருந்தால் மூன்றாவது தடவையும் காட்டியிருப்பேன்.

21 ஏப்ரல்

மீனாட்சி திருக்கல்யாணம். டிவியில் பார்த்தோம். அம்மன் கையில் கிளி. அத்தை கல்யாணமான புதிதில் கோயிலுக்குப் போனபோது கிளிக்கூட்டு மண்டபத்தில் நிஜக் கிளிகள் இருந்தனவாம், கூண்டுக்குள்ளிருந்து "மீனாட்சி, மீனாட்சி" என்று கூப்பிடுமாம். பிறகு அங்கே கிளிகளை எடுத்துவிட்டார்கள், பெயர் மட்டும் இருக்கிறது. மாமா தன் கிளிக்கு அந்தப் பெயரைச் சொல்லித்தரப் படாத பாடு பட்டதையும், கடைசி வரை அது அத்தையைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டது என்பதையும் இன்றுதான் சொன்னார். மாமா போன பிறகு அத்தை அவரைப் பற்றி இவ்வளவு பேசியது இன்றுதான்.

தாலிக்கயிறு மாற்றிக்கொண்டு வந்தேன். அத்தை கிளிக்குச் சோளக்கதிர் உரித்துக்கொண்டிருந்தார். "இதுக்கு ஒண்ணும் சொல்லித்தராத" என்றார் என்னிடம். "பேசப் பழகிட்டா வெளிய விட முடியாது."

28 ஏப்ரல்

112. அறைக்குள் ஜன்னல் கம்பிக்கும் பீரோவுக்குமாகப் பறக்கிறது. திரும்பத் தெரிகிறது, இறங்கத்தான் இன்னும் தடுமாற்றம்.

6 மே

காலையில் ரிசல்ட். நல்ல மார்க். தெருவில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாள். கோயம்புத்தூர் விடுதிக்குக் கட்டணம் எவ்வளவு என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். விசாரிக்க மட்டும்தான்.

வனத்துறைக்குப் போன் செய்ய நம்பர் எடுத்து வைத்தாயிற்று. கொண்டுபோகும் பெட்டிக்கு இவர் ஓட்டை போட்டுக் கொடுத்தார். ஆனால் இன்று 109. நேற்று 112 இருந்தது. வெயிலாலா, வீட்டில் ஆள் வந்து போன கூச்சலாலா, இல்லை வேறு ஏதாவதா? இரவு ஸ்பூனைக் காட்டினேன், தலையைத் திருப்பிக்கொண்டது. இரைப்பையில் விதை இருக்கிறது, கொஞ்சம்தான். நாளைக் காலை எடை பார்த்துவிட்டுப் போன் செய்ய வேண்டும்.