வலிக்கலையே

டாக்டர் கையுறை போட்ட விரலால் என் கீழ்த்தாடையின் இடப்பக்கம் இருந்த பிரிட்ஜைப் பிடித்து மெதுவாக மேலும் கீழும் அசைத்தார். பிறகு கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, "பாருங்க" என்றார். கடைசிப் பல்லில், உறையும் ஈறும் சேரும் ஓரத்தில், அவர் அழுத்தும்போதெல்லாம் சின்னச் சின்னதாக எச்சில் குமிழ் வந்தது. விட்டால் உள்ளே போனது. அழுத்தினால் மறுபடி வந்தது. கடற்கரையில் நண்டு வளை வாசலில் நுரைப்பதுபோல.

"இந்தப் பக்கம் சிமெண்ட் போயிடுச்சு. எச்சி உள்ள போயி வந்துக்கிட்டு இருக்கு. எவ்வளவு நாளா இப்படி?"

"தெரியல டாக்டர். வலிக்கலையே."

"வலிக்காது. ரூட் கெனால் பண்ண பல்லு. உள்ள நரம்பே இல்ல, எப்படி வலிக்கும்? நான் வலியைக் கேக்கல. வாடை வருதா, சாப்பாடு மாட்டுதா, அப்படி ஏதாவது இருந்துச்சா?"

கேட்டுக்கொண்டே அவர் மறுபடி கருவியை வாய்க்குள் விட்டார். அதனால் நான் பதில் சொல்லவில்லை என்று நினைத்திருப்பார். உண்மையில், என்னிடம் இருந்த பதிலைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

*

எங்கள் ஊர் மண்டபம். அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரே ஒரு தகுதிதான்: வலிக்க வேண்டும். அதுவும் கிராம்பு, உப்புத்தண்ணீர், ஒரு மாத்திரை எல்லாவற்றையும் மீறி மூன்றாவது நாளும் வலிக்க வேண்டும். "வலிக்குதா?" என்பது அம்மாவின் கேள்வி. "இல்ல" என்றால் விஷயம் முடிந்தது.

கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல் ஆறு வயது வாக்கில் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் நிறைய வீடுகளில் அதையும் பால் பல் என்று நினைத்துவிடுவார்கள். என் பல்லில் கறுப்புக் குழி விழுந்தபோது அம்மாவும் அதைத்தான் சொன்னாள். "விழுந்து முளைக்கிற பல்லுதானப்பா." அது விழுந்து முளைக்கிற பல் இல்லை. ஏழாம் வகுப்பில் கன்னம் வீங்கிய பிறகு ராமநாதபுரத்தில் பிடுங்கிவிட்டு வந்தோம். வலி போய்விட்டது. எல்லோருக்கும் நிம்மதி.

பிடுங்கின இடம் காலியாக இருந்தால் பக்கத்துப் பற்கள் சும்மா இருக்காது. பஸ்ஸில் நடு ஆள் எழுந்துபோனால் பக்கத்தில் இருப்பவர் சாய்கிற மாதிரி, பின்னால் முளைத்த பல் அந்த இடத்தை நோக்கிச் சாய்ந்துகொண்டே வந்தது. 2014இல் எனக்குக் கல்யாணம் பேசியபோதுதான் அம்மாவுக்கு அந்த ஓட்டை ஞாபகம் வந்தது. "சிரிச்சா தெரியுதுப்பா. பல்லைக் கட்டிரு."

பல் கட்டுவது என்றுதான் நாங்கள் சொல்வோம். மதுரையில் கட்டினேன். இல்லாத பல்லுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டையும் சுற்றிலும் ராவிச் சின்னதாக்கி, மூன்று பற்கள் சேர்ந்த ஒரே துண்டை மேலே தொப்பி மாதிரி மாட்டி, சிமெண்ட் வைத்து ஒட்டுவது. ஓரத்துப் பற்கள் தூண், நடுவில் இருப்பது வெறும் தொங்கல். ராவிய எனாமல் திரும்ப வளராது. பின்பக்கத்துப் பல் சாய்ந்திருந்ததால் அதை அதிகமாக ராவ வேண்டியிருந்தது. அதனால் முதலில் ரூட் கெனால் செய்து நரம்பை எடுத்துவிட்டார்கள். முன்பக்கத்துப் பல்லுக்கு நரம்பு இருந்தது.

கிளம்பும்போது மெல்லிய குச்சி பிரஷ் ஒன்றைக் கொடுத்து, பொய்ப்பல்லுக்கு அடியில் இப்படி விட்டு சுத்தம் பண்ணணும், ஆறு மாசத்துக்கு ஒருமுறை வந்து காட்டணும் என்றார்கள். சரி என்றேன். பிரஷ் எந்த டிராயரில் போனதோ. காட்டப் போகவே இல்லை. வலிக்கவில்லையே.

*

சில வருஷம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு நடந்ததை இப்போது வரிசையாகச் சொல்ல முடிகிறது. அப்போது அது வரிசையாகத் தெரியவில்லை.

முதலில் முருங்கைக்கீரை. எப்போது சாப்பிட்டாலும் அதே இடத்தில் ஒரு இலை மாட்டும். அப்புறம் கறி நார். பாக்கெட்டில் பல்குச்சி வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன், முப்பத்தி மூன்று வயதில். பிறகு காலையில் எழுந்ததும் வாயில் பழைய காசைச் சப்பின மாதிரி ஒரு ருசி. பல் தேய்த்தால் போகும், பதினோரு மணிக்குத் திரும்ப வரும். பிறகு ஈறில் லேசாக ரத்தம். எந்த நாளில் என்று தெரியாமல், வலப்பக்கமாகவே மெல்லத் தொடங்கியிருந்தேன். நான் முடிவெடுக்கவில்லை, நாக்கே எடுத்த முடிவு.

பிறகு அந்த வாடை. பல்குச்சியை ஒருநாள் மோந்து பார்த்துவிட்டேன். அதற்கு மேல் விவரிக்க வேண்டாம்.

அன்றைக்கே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு வேளை தேய்த்ததை மூன்று வேளை ஆக்கினேன். பச்சை நிறத்தில் ஒரு மவுத்வாஷ் வாங்கினேன். ஆபீஸில் யாராவது மானிட்டரைப் பார்க்கக் குனிந்தால் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். ஏனென்றால் வலி என்பது நோய், அதைச் சொல்லலாம். நாற்றம் என்பது குறை. அது நாம் சரியில்லை என்று அர்த்தம். சுத்தமில்லாதவன். அப்படித்தான் எனக்குள் எழுதியிருந்தது. நோயை டாக்டரிடம் காட்டுவோம், குறையை மறைப்போம். நான் மறைத்துக்கொண்டிருந்த அந்த இரண்டு வருஷமும் உறைக்குள் பல் கரைந்துகொண்டிருந்தது.

2022 டிசம்பரில் ஒருநாள் இட்லி மெல்லும்போது அந்தப் பக்கம் 'டிக்' என்று ஏதோ தூக்கி உட்கார்ந்தது. அதே மாதிரி இன்னொரு முறை. பயந்துபோய்த்தான் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த இந்த டாக்டரிடம் வந்தேன்.

*

எக்ஸ்ரே எடுத்தார்கள். உறையில் இருக்கும் உலோகம் வெள்ளையாக விழுந்து அடியில் இருப்பதை மறைத்துவிட்டது. கழற்றித்தான் பார்க்க வேண்டும். முன்பக்கம் சிமெண்ட் நன்றாகப் பிடித்திருந்ததால் பிரிட்ஜைத் தூக்க முடியவில்லை, வெட்டி எடுத்தார்கள். அறைக்குள் அந்த வாடை வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். உதவிக்கு நின்ற பெண் முகக்கவசத்தைச் சரிசெய்வதுபோல ஒருமுறை தொட்டுக்கொண்டார்.

உள்ளே பல் என்று ஒன்று இல்லை. ஊறின அட்டை மாதிரி பழுப்பாக ஏதோ இருந்தது. டாக்டர் கருவியால் தொட்டதும் அமுங்கியது.

"ரெண்டு பக்கமும் விட்டு மொத்தமா கழண்டு விழுந்திருந்தா நீங்க அன்னிக்கே வந்திருப்பீங்க. பல்லைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார். "ஒரு பக்கம் விட்டு இன்னொரு பக்கம் பிடிச்சுக்கிட்டு இருக்குல்ல, அதுதான் மோசம். வெளிய நல்லா நிக்கும். உள்ள போயிட்டே இருக்கும்."

அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. முன்பக்கத்துப் பல் தப்பித்தது. இப்போது ஒரு பல் இல்லாத இடத்தில் இரண்டு பற்கள் இல்லை. அதற்குப் பின்னால் வேறு பல்லும் இல்லாததால் பழையபடி பிரிட்ஜ் கட்ட முடியாது. ஒரு கரையில் தூண் இல்லையே. எலும்பில் திருகு வைக்கிற இம்ப்ளாண்ட், இல்லையென்றால் கழற்றி மாட்டுகிற பல்செட். மதுரையில் கொடுத்ததைப்போலப் பல மடங்கு செலவு.

அன்று டாக்டர் சொன்னதையும், பிறகு அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதிவிடுகிறேன். உங்கள் வாயிலோ உங்கள் வீட்டில் யார் வாயிலோ கட்டின பல் இருக்கலாம். ஒரே இடத்தில் புதிதாகச் சாப்பாடு மாட்டுவது, தேய்த்தும் போகாத வாடை, கெட்ட ருசி, பிரிட்ஜைச் சுற்றி ஈறு சிவந்து ரத்தம் வருவது, கடிக்கும்போது லேசாகத் தூக்குவது, திடீரென்று பல் உயரமாகிவிட்டதுபோலத் தோன்றுவது, பீங்கான் ஓரம் உடைந்து நாக்கைக் கீறுவது, நரம்புள்ள பல்லாக இருந்தால் குளிர்ந்த தண்ணீருக்குக் கூசுவது: இதில் எதுவாக இருந்தாலும் அந்த வாரமே போய்க் காட்ட வேண்டும். ஈறில் பரு மாதிரி வந்து சீழ் வைத்தாலும் அப்படித்தான். அது உடைந்து வலி குறைந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பிரிட்ஜ் கழன்று கையோடு வந்துவிட்டால் கழுவி ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போக வேண்டும். கடையில் விற்கிற பசையை வைத்து நாமே ஒட்டக் கூடாது, ஆடுகிற பிரிட்ஜோடு தூங்கவும் கூடாது, தூக்கத்தில் தொண்டைக்குள் போய்விடலாம். முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தால், விழுங்கவோ வாயைத் திறக்கவோ கஷ்டமாக இருந்தால், வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஆறு மாசத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். இது ஒட்டி வைத்த பொருள். ஒட்டு ஒருநாள் விடும்.

அன்று ராத்திரி வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு மேஜையில் ஏலக்காய் டப்பா இருந்தது. எங்கள் வீட்டில் சாப்பிட்ட பிறகு ஏலக்காய் போடும் பழக்கம் கிடையாது. அந்த டப்பா எப்போது அங்கே வந்தது என்று யோசித்தேன். மனைவியிடம் கேட்டேன்.

"உனக்குத் தெரியுமா?"

அவளுக்கு எதைக் கேட்கிறேன் என்று புரிந்தது. "ரெண்டு வருஷம் இருக்கும்" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"எப்படிங்க சொல்றது? நீங்களே பாவம், எந்நேரமும் தேய்ச்சுக்கிட்டு இருந்தீங்க."

கோபம் வரவில்லை. அவள் ஏலக்காய் வைத்தாள், நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டேன். இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறோம்.

*

2023 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது எல்லோரும் பாம்பன் பாலத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். 1914 முதல் கடலுக்கு நடுவே நின்ற பாலம். அதில் ரயில் கடக்கிற சத்தம் இல்லாமல் எங்களுக்கு ஒருநாளும் போனதில்லை. உப்புக்காற்றில் இரும்பு அரித்துப்போய், இனி ஆபத்து என்று அந்த டிசம்பரில்தான் ரயிலை நிறுத்தியிருந்தார்கள். கரையிலிருந்து பார்த்தால் பாலம் எப்போதும்போலத்தான் இருந்தது. "நல்லாத்தானப்பா நிக்குது, என்னத்துக்கு நிறுத்துனானுங்க" என்றார் அப்பா. நல்லா நிற்கும்போதே நிறுத்தினால்தானே நல்லது என்று சொல்ல வாய் வந்தது. தையல் போட்ட வாய், சும்மா இருந்துவிட்டேன்.

மதியம் அம்மா எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவளும் மேல்வரிசையில் பல் கட்டியிருக்கிறாள். எனக்குக் கட்டியதைப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் அதே இடத்தில் கட்டியது. சோற்றை இடப்பக்கம் மட்டுமே மென்றாள். மீன் துண்டை விரலால் நசுக்கி நசுக்கி வாயில் போட்டாள். அவள் எப்போதுமே அப்படித்தான் சாப்பிடுவாள் என்று நினைத்தேன். பிறகு, எப்போதுமே இல்லை என்பது ஞாபகம் வந்தது.

"அந்தப் பல்லு எப்படிம்மா இருக்கு?"

"அதுக்கென்ன? வலிக்கலையே."

"வலியைக் கேக்கலம்மா. ஏன் ஒரு பக்கமாவே மெல்லுற? அந்தப் பக்கம் சோறு மாட்டுதா? காலையில எந்திரிச்சா வாய் கசக்குதா?"

அம்மா சாப்பிடுவதை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்:

"நாறுதாப்பா?"

நாறியது. எனக்கும் ஒரு வருஷமாகத் தெரியும். போன தீபாவளிக்குக் கிளம்பும்போது நெற்றியில் திருநீறு பூசிவிட்டு ஏதோ சொன்னாளே, அப்போதே தெரியும். அம்மாவிடம் போய் அதை எப்படிச் சொல்வது என்று முகத்தை மட்டும் கொஞ்சம் திருப்பிக்கொண்டேன். அவள் அதைப் பார்த்திருப்பாள்.

"ஆமாம்மா" என்றேன். "எனக்கும் நாறுச்சு. பல்லை எடுத்துட்டாங்க. உனக்கு முன்னாடியே போயிருவோம்."

மறுநாள் ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் முந்தானை வாயில்தான் இருந்தது. டாக்டர் உட்காரச் சொல்லி, என்ன பிரச்சினை என்று கேட்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"வலியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

மீதியை நான் சொன்னேன்.