கோபுரத்து மேல ஏறிய மந்திரம்

பல பேர் சேர்ந்து ஆடுற ஆன்லைன் விளையாட்டுல மந்திரத்தை வடிவமைக்கறது லேசுப்பட்ட வேலை இல்லீங்க. வாளுக்குக் கூர்மை இருந்தாப் போதும். மந்திரத்துக்குக் கொஞ்சம் ரகசியமும் வேணும்.

1997-ல் வந்த அல்டிமா ஆன்லைன்ல 64 மந்திரம். பூண்டு, ஜின்செங், சிலந்தி நூல், கந்தகச் சாம்பல்னு மொத்தம் எட்டே சரக்கு. பையில சரக்கு தீர்ந்தா மந்திரவாதி சும்மா ஆள். கிட்டத்தட்ட நாட்டுமருந்துக் கடைதான். எனக்குப் பிடிக்கும், ஆனா ரகசியம் கிடையாது.

ரகசியத்துக்கு ஆசைப்பட்டது 1999-ல் வந்த ஆஷரன்ஸ் கால். மூலிகை, ரத்தினப் பொடி, தாயத்து, கடைசியா மெழுகுத்திரின்னு சேர்த்துப் போட்டுப் பார்த்து, மந்திரத்தை நீங்களேதான் கண்டுபிடிக்கணும். திரிகளோட வரிசை ஆளுக்கு ஆள் மாறும். என்னோடது உங்களுக்குப் பலிக்காது. போதாததுக்கு, ஒரு மந்திரத்தை நிறைய பேர் போடப் போட அதோட பலம் குறையும். அதாவது வாயை மூடிக்கிட்டு இருக்கறவனுக்கு லாபம்!

ஆட்டக்காரங்க விடுவாங்களா? அந்த வரிசை பயனர் பெயர்லேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு, பெயரைக் குடுத்தா விடையைச் சொல்ற நிரலே எழுதிட்டாங்க. குரு காதுல சொன்ன மந்திரத்தை ராமானுஜர் கோபுரத்துல ஏறி ஊருக்கே சொன்னதாக் கதை இருக்கே, அதேதான். திருக்கோஷ்டியூர் நம்பி மனசு இறங்கின மாதிரி இவங்களும் இறங்கி வந்து, பிற்பாடு ஏட்டுச்சுருளைப் படிச்சாலே மந்திரம் வரும்னு ஆக்கினாங்க. 2017-ல் அந்த உலகத்தையே மூடியாச்சு.

என் கட்சி கோபுரத்துல ஏறினவங்க கட்சிதான். கூட்டாளிகளோட ஆடத்தானே வர்றோம்? கூட்டாளிக்குச் சொல்லிக் குடுத்தா எனக்கு நஷ்டம்னா அது என்ன விளையாட்டு?

இதையெல்லாம் இப்ப கிளறக் காரணம், தம்பி பையன் சின்னதா ஒரு விளையாட்டு எழுதிக்கிட்டிருக்கான். மந்திரப் பகுதி என் தலையில. நான் சொன்னது இதுதான்: சூத்திரம் எல்லாருக்கும் தெரியட்டும், ஆனா ஒருத்தர் பாதி சொல்லணும், பக்கத்துல நிக்கிற இன்னொருத்தர் மீதியை முடிக்கணும். யார் கூட நிக்கறாங்களோ அதைப் பொறுத்துப் பலன் மாறும். எந்த நிரலும் இதை முன்கூட்டிச் சொல்லிட முடியாது. (முடியாதுன்னு நம்பறேன் :-))

பையன் ஒரு நிமிஷம் யோசிச்சான். "பெரியப்பா, ராத்திரி ரெண்டு மணிக்குத் தனியா ஆடறவன் என்ன பண்ணுவான்? அவனுக்குத்தானே மந்திரம் ரொம்ப வேணும்?"

மூணு நாளா அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன். மீதியை முடிச்சு வைக்க அவனுக்கு ஒரு குட்டிப் பேயைத் துணைக்கு விடலாமா?