மரவள்ளித் தோல்

வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து கச்சிராயபாளையம் வழியாக பஸ் ஏறி வந்தவள். வயது 26. கள்ளக்குறிச்சி மருத்துவமனை ஒன்றில் ஆபரேஷனுக்கு முந்தின நாளே சேர்ந்திருந்தாள். பெரியவளான நாளிலிருந்து மாதம் மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பவள். கல்யாணமானால் சரியாகும் என்றார்கள். ஆனது, வலி போகவில்லை. பிள்ளை பெற்றால் சரியாகும் என்றார்கள். பிள்ளை தங்கவில்லை.

கூட வந்த மாமியாருக்கு வேறு பயம். “லேப்ராஸ்கோப்பினா குடும்பக் கட்டுப்பாடு தானே சிஸ்டர்?” முகாம்களில் கருத்தடைக்கு வந்த குழாயாகத்தான் அவருக்கு அதைத் தெரியும். இது கருக்குழாயை மூடுவதற்கில்லை, சினைப்பையைக் காப்பாற்றுவதற்கு என்று சிஸ்டர் இரண்டு முறை சொன்னார். சிஸ்டரும் மலைக்காரர்தான், கரியாலூர்ப் பக்கம். அவர் சொன்ன பிறகுதான் அந்தம்மா தலையாட்டினார்.

அவளுக்கு இருந்தது எண்டோமெட்ரியோசிஸ்: கருப்பையின் உள்வரி போன்ற திசு சினைப்பையிலும் குடல்மேலும் ஒட்டி வளர்வது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, உலகம் முழுக்க 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இத்தனை பேர் வலியையும் ‘பொம்பளைன்னா அப்படித்தான்’ என்று தள்ளிவிட்டிருக்கிறோம்.

அவளிடமும் டாக்டரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு தியேட்டர் மூலையில் நின்றேன். தொப்புளில் சின்னக் கீறல். கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற வயிறு கூடாரமாக எழுந்தது. மெஷினில் அழுத்தம் 12. தலைப்பக்கம் மேஜையைத் தாழ்த்தியதும் குடல் மேலே ஒதுங்கி வழிவிட்டது. சிஸ்டர் லென்ஸை வெந்நீரில் தோய்த்துத் துடைத்துக் கொடுத்தார். “பனி மூடிச்சுன்னா டாக்டரம்மாவுக்குக் கண்ணே இல்லீங்க.”

சினைப்பையில் அதனால் உண்டான கட்டியைத் திறந்ததும் பழைய புளிக்கரைசல் நிறத்தில் கெட்டியாக வடிந்தது. அதை உறிஞ்சி எடுத்த பிறகுதான் வேலையே ஆரம்பம். ஓர் இடுக்கி கட்டியின் உள்தோலைப் பிடிக்க, இன்னொன்று சினைப்பையை எதிர்ப்பக்கம் இழுக்கிறது. மெல்ல, விரற்கடை விரற்கடையாக. “மரவள்ளித் தோலு உரிக்கிறாப்புல பாருங்க” என்று சிஸ்டர் காதோரம் சொன்னார். பதமான இடத்தில் கீறிவிட்டால் தோல் தானே சுருண்டு வரும். பதம் தப்பினால் கிழங்கும் சேர்ந்து பெயரும். இங்கே கிழங்கு என்பது கருமுட்டைகள் இருக்கும் சதை. கரண்ட் வைத்துச் சுட்டால் ரத்தம் உடனே நிற்கும், ஆனால் முட்டைகளும் வெந்துபோகும். அதனால் ரத்தம் கசிந்த இரண்டே இடத்தில் மட்டும் தொட்டு எடுத்தார் டாக்டர். நாற்பது நிமிடம் அந்தக் கைகள் அவசரப்படவில்லை. கட்டி திரும்பவும் வரலாம், கண்காணிக்க வேண்டும் என்று பிறகு மாமியாரிடம் மறைக்காமல் சொன்னார்.

சாயங்காலம் அவளுக்கு வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. சிஸ்டரிடம் கேட்டாள்.

“வயித்துல பண்ணிட்டு தோளு ஏங்க்கா வலிக்குது?”

“உள்ள மிச்சமிருக்கற கேஸ் பண்றது கண்ணு. ரெண்டு நாள்ல போயிடும். எழுந்து நட.”

சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நாலடி நடந்தாள். பிறகு நின்று கேட்டாள்: “அக்கா, என் தங்கச்சியும் இப்படித்தான் சுருண்டு படுக்கும். அதயும் கூட்டியாரட்டா?”