கடல் நடுவே நாகபூஷணி

தருமபுரி மாவட்டத்தில் இண்டூர் போன்ற ஊர்களில் பிறந்தவர்களுக்குக் கடல் என்பது கதையில் கேட்ட பொருள். நமக்குத் தெரிந்த பெருநீர் ஒகேனக்கல் காவிரி ஒன்றுதான். நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த ஒரு சிற்றூரில் அம்பிகை வீற்றிருக்கிறாள் என்று கேள்விப்பட்ட நாள்முதல் அவளைத் தரிசிக்க வேண்டும் என்ற ஆவல் எனக்கு இருந்தது. வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற பிறகே அது கைகூடியது. அந்த ஊர் நயினாதீவு. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே, ஏறத்தாழ நான்கு சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள தீவு.

நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். மழைக்காலத்தில் கப்பல் ஓடாது. ஆகவே விசாரித்துக்கொண்டே புறப்பட வேண்டும். காங்கேசன்துறையில் இருந்து யாழ்ப்பாண நகரம் அடைந்தால், அங்கிருந்து குறிகட்டுவான் துறைக்குப் பேருந்து உண்டு.

அந்தப் பேருந்துப் பயணமே ஒரு தனி அனுபவம். பண்ணைப் பாலத்தைக் கடந்ததும் சாலையின் இருபுறமும் கடல்தான். ஆழமற்ற நீரில் கம்புகளை வரிசையாக நட்டு வலை கட்டியிருக்கிறார்கள். இடுப்பளவு நீரில் நின்று மீன் பிடிப்பவர்களைக் காணலாம். வேலணையைத் தாண்டி, கடலை நீளக் கிழித்துச் செல்லும் மற்றொரு பாலத்தின் வழியே புங்குடுதீவை அடைகிறோம். அங்கே பூட்டிக் கிடக்கும் வீடுகள் கண்ணில் படுகின்றன. சில வீடுகளில் கூரை இல்லை. சுவர்களுக்கு நடுவே மரங்கள் முளைத்துவிட்டன. போர்க்காலத்தில் வெளியேறிய குடும்பங்கள் பல, இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் வாழ்கின்றன. புங்குடுதீவின் மேற்கு முனையில் குறிகட்டுவான் துறை. அதோடு சாலை முடிகிறது.

அதன்பின் படகு. மரத்தால் ஆன இயந்திரப் படகு. பயணிகள் குனிந்து உள்ளே இறங்கிப் பலகைகளில் அமர வேண்டும். என் கால்மாட்டில் அரிசி மூட்டை. எதிரே எரிவாயு உருளை. மேல்தட்டில் ஒரு மிதிவண்டி, சீமெந்துப் பைகள், கோயிலுக்கான பூக்கூடை. அந்தத் தீவில் யாருக்கு எது வேண்டுமானாலும் இவ்வழியே வந்தாக வேண்டும். பயணம் இருபது நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிறது.

அருகே அமர்ந்திருந்த மூதாட்டி, “இந்தியாவில இருந்தோ ஐயா வந்தனீங்கள்?” என்று கேட்டார். ஆம் என்றேன். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் மாதாந்த மருந்து வாங்கிக்கொண்டு திரும்புவதாகச் சொன்னார். தீவில் சிறிய மருத்துவமனை உண்டு. பெரிய சிகிச்சைக்கு நகரத்துக்குத்தான் வர வேண்டும். “சோழகக் காத்துக் காலத்தில வள்ளம் ஓடாத நாளும் இருக்கு. அதுக்கு முன்னமே கேட்டுக் கூடுதலா மருந்து வாங்கி வைச்சிடுவன். பிள்ளையள் கனடாவுக்கு வரச் சொல்லினம். போனால் இந்த வீட்டை ஆர் பாக்கிறது?” என்றார். படகு ஆடியபோது நான் பலகையை இறுகப் பற்றினேன். அவரோ மடியில் இருந்த மருந்துப் பையை மட்டும் பற்றிக்கொண்டார்.

படகில் இருந்தே இராஜகோபுரம் தெரிகிறது. 108 அடி உயரம். 2012இல் குடமுழுக்குக் கண்டது. சதிதேவியின் சிலம்பு விழுந்த சக்தி பீடம் இது என்பது அடியார்களின் நம்பிக்கை. கருவறையில் உள்ள ஐந்தலை நாகச் சிலை மிகப் பழமையானது என்பர். அருகில் உள்ள புளியந்தீவில் இருந்து நாகம் ஒன்று வாயில் மலரைக் கவ்வி நாள்தோறும் கடலை நீந்திவந்து அம்பிகையை வழிபட்டதாம். ஒருநாள் கருடன் அதைத் தாக்க முற்பட, அவ்வழியே மரக்கலத்தில் வந்த வணிகர் ஒருவர் இடையே புகுந்து தடுத்தார். தம் செல்வத்தை எல்லாம் அம்பிகையின் ஆலயப் பணிக்கு ஈவதாக உறுதி கூறியே அவர் நாகத்தை மீட்டார் என்கிறது தலவரலாறு. நாகம் சுற்றிய கல், கருடன் அமர்ந்த கல் என இரு பாறைகளை இன்றும் கடலில் காட்டுகிறார்கள்.

ஈழத்துக் கோயில்களின் வழக்கப்படி ஆண்கள் மேற்சட்டையைக் களைந்துவிட்டே உள்ளே செல்ல வேண்டும். சந்நிதியில் ஒரு இளம் தம்பதியர் கைக்குழந்தையைக் கிடத்தி வணங்கினர். பிள்ளைப்பேறு வேண்டி வருவோரும், வேண்டுதல் நிறைவேறிக் குழந்தையோடு வருவோரும் இங்கு மிகுதி. போர்த்துக்கீசியர் காலத்தில் இடிக்கப்பட்டு 1788இல் மீண்டும் எழுந்த ஆலயம், 1958இலும் 1986இலும் தாக்குதலுக்கு உள்ளானது. ஒவ்வொரு முறையும் ஊரார் மீண்டும் எழுப்பினார்கள்.

மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் இத்தீவே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். மணிமேகலை அட்சய பாத்திரம் பெற்ற இடம் அல்லவா! இங்குள்ள அன்னதான மண்டபத்துக்கும் ‘அமுதசுரபி’ என்றே பெயர். சோறும் குழம்பும் மோரும் உண்டேன். அந்த அரிசியும் என்னைப் போலப் படகேறி வந்ததுதான் என்ற நினைப்பில், இலையில் ஒரு பருக்கையையும் மிச்சம் வைக்க மனம் வரவில்லை.

சற்றுத் தொலைவில் நாக விகாரை என்னும் பௌத்தத் தலம் உள்ளது. புத்தர் பெருமான் இங்கு வந்து, மணியாசனத்துக்காகப் போரிட்ட இரு நாக மன்னர்களைச் சமாதானப்படுத்தினார் என்று பௌத்தர்கள் நம்புகின்றனர். ஒரே படகில் இரு சமயத்தாரும் வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு துறை, நமக்கு ஒரு துறை.

கடன், ஈடு, இழப்பு என்று முப்பது ஆண்டுகளைக் கழித்த எனக்கு, இத்தீவின் கல்வெட்டு ஒன்று பெருவியப்பைத் தந்தது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு மன்னன் தமிழில் பொறித்த ஆணை அது. அயல்நாட்டு வணிகர்கள் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. பிற சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. சிங்கள மன்னன் தன் ஆணையைத் தமிழில் எழுதுவித்தான் என்பதையும் கவனிக்க வேண்டும்.

தரிசனம் முடிந்ததும் அடுத்த படகைப் பிடிக்க ஓடுகிறோம். அவ்வாறு ஓடாமல் ஊருக்குள் சிறிது நடக்குமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்வேன். பனங்கூடல்கள், மணல் ஒழுங்கைகள், வேலியடைத்த வீடுகள். திண்ணைகளில் பெரும்பாலும் முதியவர்களையே கண்டேன். பல கிணறுகளில் நீர் உவர்ப்பு. குடிநீரின் அருமை அவர்களுக்குத் தெரியும். நமக்கும் தெரியும்! காவிரி பக்கத்திலேயே ஓடியும் புளோரைடு கலந்த கிணற்று நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் பழுதானவர்கள் நம் மாவட்டத்தார். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளியிலும் காற்றிலும் மின்சாரம் தரும் திட்டத்துக்கு நம் நாடு நிதி அளிக்கிறது. அதற்கான ஒப்பந்தம் 2024 மார்ச்சில் கையெழுத்தானது. நீருக்கும் அவ்வாறு ஒரு வழி பிறக்க அம்பிகை அருள வேண்டும்.

ஆனி மாதப் பெருவிழா பதினாறு நாள். அப்போது வெளிநாடுகளில் உள்ள பிள்ளைகள் திரும்பிவர, பூட்டிய வீடுகள் திறக்கின்றன என்று கோயில் வாயிலில் பூ விற்றவர் சொன்னார். ஆனால் படகில் நெரிசல் மிகுதியாக இருக்குமாம். முழங்கால் வலி உள்ளவர்கள் விழா இல்லாத நாளில் செல்வது நலம். படகில் ஏறி இறங்கத் துணை வேண்டும். காலை வேளையில் கடல் அமைதியாக இருந்தது. குடிநீரைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். வெற்றுப் புட்டிகளைத் தீவில் போடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள். அவற்றை அகற்றவும் அந்த ஊராருக்கு ஒரு படகு வேண்டும்.